பொட்டலத்தின் மறுபாதி

அவளை வீட்டில் ஃபிளாஸ்க் என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் வைத்த பெயர். படிப்பு முடிந்து அவளுக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில். காலையில் இறைச்சிக்கூடத்துக்குப் போய், அறுத்த மாடுகளின் சினைப்பைகளை வெதுவெதுப்பான உப்புநீர் ஊற்றிய ஃபிளாஸ்கில் வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்க வேண்டும். ஃபிளாஸ்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வாள். சூடு குறைந்தால் உள்ளே இருக்கும் முட்டைகள் வீண்.

ஒருநாள் பக்கத்து சீட்டு அம்மாள் கேட்டாள், "காபியாம்மா? ஒரு வாய் குடு, தலை வலிக்குது." அவள் உள்ளே இருப்பதைச் சொன்னாள். அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாள். இதை வீட்டில் வந்து சொல்லியிருக்கக் கூடாது. அன்று சாயங்காலத்திலிருந்து அவள் ஃபிளாஸ்க். பிறகு வேலை செய்த இடங்களிலும் அந்தப் பெயர் கூடவே வந்தது.

மாட்டு முட்டையில் கொழுப்பு அதிகம். மைக்ரோஸ்கோப்பில் கறுப்பாகத் தெரியும். வெளிச்சம் ஊடுருவாது. ஒரு பக்கம் பார்த்தால் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. மயிரிழைக் கண்ணாடிக் குழாயால் மெல்லத் தட்டி உருட்டித்தான் பார்க்க வேண்டும். சில வருடங்கள் அதைச் செய்தாள். பிறகு குழந்தையில்லாதவர்களுக்குச் சிகிச்சை தரும் ஒரு மருத்துவமனையின் லேபுக்கு வந்தாள். மனித முட்டை கண்ணாடி மாதிரி. உருட்ட அவசியமில்லை. அவள் உருட்டினாள்.

"மாட்டுப் பழக்கம் இன்னும் போகலையா?" என்று டாக்டரம்மா கேட்பார்.

"போகாது டாக்டர். நல்ல பழக்கம்."

அவளுக்குக் கர்வம் ஜாஸ்தி என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். சிகிச்சை பலித்தவர்கள் யாராவது வந்து, "உங்க கை ராசியான கை மேடம்" என்று கையைப் பிடித்துக்கொண்டால், "ராசி இல்லைங்க, பழக்கம்" என்பாள். கையையும் விடுவித்துக்கொள்வாள். வருடக்கணக்காக அவள் சென்ட் போட்டதில்லை, பவுடர் பூசியதில்லை. வாசனை லேபின் காற்றில் கலந்தால் முட்டைக்கு ஆகாது. கணவருக்குப் பெயின்ட் கடை. கடையிலிருந்து வந்ததும் பின்கட்டில் சட்டையைக் கழற்றிக் குளித்துவிட்டுத்தான் அவர் உள்ளே வரலாம். "என் வீட்டுக்குள்ள வர எனக்கே பாஸ் வேணும்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் அலுத்துக்கொள்வார். அலுப்பில் பெருமை இருக்கும். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

அவளுடைய தனி வேலை, பொட்டலம் எடுப்பது.

முட்டை முதிரும்போது தன்னிடம் இருக்கும் மரபுச் சரக்கில் பாதியைச் சின்ன உருண்டையாகக் கட்டி வெளியே தள்ளும். முட்டைக்கும் அதை மூடியிருக்கும் உறைக்கும் நடுவில், இடுக்கில், அந்த உருண்டை கிடக்கும். முட்டைக்கு அது இனி தேவையில்லை. லேபில் அதைப் பொட்டலம் என்பார்கள். ஒரு தாயின் உடம்பில் ஒரு மரபணு நல்லதும் கெட்டதுமாக இரண்டு விதத்தில் இருக்கிறது என்றால், பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் போதும். கெட்டது மட்டும் வெளியேறியிருந்தால் முட்டையில் நல்லது தங்கியிருக்கிறது. நல்லது மட்டும் வெளியேறியிருந்தால் முட்டை ஆகாது. இரண்டும் இருந்தால் முட்டையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. விந்து சேர்வதற்கு முன்பே, முட்டையின் உள்ளே கை வைக்காமலே, இவ்வளவும் தெரிந்துவிடும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவள் இப்படிச் சொல்வாள்: "வீடு காலி பண்ணினவங்க எதை எடுத்துட்டுப் போனாங்கன்னு பாரு. எதை விட்டுட்டுப் போனாங்கன்னு தெரிஞ்சிரும்."

இப்போது இந்த முறையைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. முட்டையையும் விந்தையும் சேர்த்துக் கருவாக்கி, கருவைச் சோதிப்பதுதான் சுலபம். ரயில் டிரைவரிடமும் டாக்டரம்மா அதைத்தான் சொன்னார்.

ரயில் டிரைவர் ஒரு பெண். பாசஞ்சர் வண்டி ஓட்டுகிறவள். கணவர் கணக்கு வாத்தியார். அவளுடைய தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. முதலில் கால், பிறகு கை, கடைசியில் மூச்சு. அதுவரை அவனை இடுப்பிலும் முதுகிலும் தூக்கித் திரிந்தவள் அவள். அந்தக் குறை பெண்கள் வழியாக வந்து ஆண் பிள்ளைகளைப் பிடிக்கும். அவளிடமும் இருந்தது.

"கருவானதுக்கு அப்புறம் பார்க்கிறதுதான் எல்லாரும் பண்றது," என்றார் டாக்டரம்மா.

"வேண்டாம் டாக்டர். கருவானதுக்கு அப்புறம் இது ஆகாதுன்னு ஒண்ணை ஒதுக்கினீங்கன்னா, அது என் தம்பி. என்னால முடியாது. முட்டையா இருக்கும்போதே பாருங்க. முட்டை வரைக்கும் அது நான்தான். என்னை என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க."

வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். "வீட்டுலயும் இப்படித்தான் டாக்டர். இவங்க விசில் அடிச்சா நான் கிளம்பணும்."

முதல் முறை எடுத்த முட்டைகளில் ஒன்றும் தேறவில்லை. இரண்டாம் முறை ஐந்து கிடைத்தன. இதற்கு மேல் அந்த உடம்பிலிருந்து எடுக்க முடியாது என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஃபிளாஸ்க் ஐந்தின் பொட்டலங்களையும் எடுத்து, தனித்தனிக் குழாய்களில் போட்டு, மேல்மாடியில் மரபணுச் சோதனை செய்பவருக்கு அனுப்பினாள். முட்டைகள் உறைநிலைக்குப் போயின. உறைந்த முட்டைக்கு அவசரமில்லை என்பதால் வரிசைப்படி சில வாரங்களில் முடிவு வந்தது. ஐந்தில் ஒன்றே ஒன்றின் பொட்டலத்தில் கெட்டது மட்டும். மற்ற நான்கும் ஆகாது, அல்லது சொல்ல முடியாது.

ஒன்று போதும் என்று வாத்தியார் போனில் அழுதார்.

முட்டையை உருக்கும் நாள் காலையில் அவர்கள் வந்து வெளியே உட்கார்ந்தார்கள். வாத்தியார் தர வேண்டியதைத் தந்துவிட்டார். லேபுக்குள் ஃபிளாஸ்க்கோடு இன்னொருத்தி இருந்தாள். எந்த முட்டையைத் தொட்டாலும் யாருடையது என்று ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் சரிபார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. உடன் இருந்த இந்தப் பெண்ணுக்கு எப்போதும் இரண்டாவது குரல். அதனால் சாட்சி என்று பெயர்.

முட்டை சுருங்கி, மெல்ல விரிந்து, பழைய வட்டத்துக்கு வந்தது.

"உயிர் இருக்கு அக்கா," என்றாள் சாட்சி.

ஃபிளாஸ்க் குழாய் முனையால் முட்டையை உருட்டினாள். பொட்டலம் எடுப்பதற்காக முன்பு உறையில் போட்ட துளை மேலே வந்தது, போனது. துளைக்கு நேர் எதிர்ப்பக்கம் வந்தபோது கையை நிறுத்தினாள். உறைக்கு உள்ளே, இடுக்கில், ஒரு சின்ன நிழல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதைப் பாரு."

சாட்சி குனிந்து பார்த்தாள். "தூசியா அக்கா?"

"உறைக்குள்ள தூசி எப்படிப் போகும்?"

சாட்சி நிமிரவில்லை. அவளுக்கும் புரிந்துவிட்டது. சில முட்டைகளில் பொட்டலம் இரண்டாக உடைந்துவிடும். இந்த முட்டையில் உடைந்திருக்கிறது. முன்பக்கம் இருந்த துண்டு மட்டும்தான் சோதனைக்குப் போயிருக்கிறது. அதில் கெட்டது இருந்தது. பின்பக்கத் துண்டில் நல்லது இருந்தால், இரண்டும் வெளியேறியிருக்கிறது என்று ஆகும். அப்படியானால் முட்டையில் தங்கியிருப்பது எது என்று யாருக்கும் தெரியாது.

பொட்டலம் எடுத்த நாளை ஃபிளாஸ்க் நினைத்துப் பார்த்தாள். நான்கு முட்டைகளை உருட்டினாள். ஐந்தாவது, இதே முட்டை, தெளிவாக இருந்தது, பொட்டலம் கண்ணெதிரே இருந்தது. எடுத்தாள். உருட்டவில்லை. அன்று அவசரம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. ஒரு சாக்குக் கிடைக்குமா என்று தேடினாள். கிடைக்கவில்லை.

முட்டையை இன்குபேட்டரில் வைத்துவிட்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

டாக்டரம்மா முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சோதனை தெளிவா வந்திருக்கு இல்ல?"

"பாதிக்கு வந்திருக்கு டாக்டர்."

"மறுபாதி வேற மாதிரி இருக்க வாய்ப்பு குறைவு."

"குறைவு. இல்லைன்னு சொல்ல முடியாது."

"சரி, எடுக்கிறோம். மாடியில என்னதான் அவசரமா பண்ணினாலும் மத்தியானம் தாண்டிரும். உருக்கின முட்டை அதுவரைக்கும் தாங்குமா? கெட்டுப்போச்சுன்னா, நீ யாரைக் காப்பாத்தினதா அர்த்தம்?"

நியாயமான கேள்வி.

"அதை நாம முடிவு பண்ண வேண்டாம் டாக்டர். முட்டை அவங்களோடது. நான் போய்ச் சொல்றேன்."

"நான் சொல்றேன். ஒரு சின்ன சந்தேகம் இருக்குன்னு பொதுவா சொல்லலாம்."

"பொதுவா சொன்னா அவங்களுக்குப் பொதுவாத்தான் புரியும். விட்டது நான். நானே சொல்றேன்."

காத்திருக்கும் அறையில் நாற்காலிகள் சுவரோடு பிணைக்கப்பட்டிருந்தன. அவர்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள். ஃபிளாஸ்க் வேண்டாம் என்று சைகை காட்டி, எதிரே நின்றபடியே சொன்னாள். பொட்டலம் உடைந்திருந்தது, நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, இப்போது இரண்டு வழி இருக்கிறது, இரண்டிலும் ஆபத்து இருக்கிறது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

முதலில் வாத்தியார்தான் பேசினார். "உங்க கை, உங்க கைன்னு இங்க எல்லாரும் அவ்வளவு சொன்னாங்களே மேடம்."

"அதே கைதான் சார்."

"வாய்ப்பு எவ்வளவு? நூத்துக்கு எத்தனை?"

"கணக்கா சொல்ல முடியாது. குறைவு."

"அப்புறம் என்ன? பண்ணிடுங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் ரயில் டிரைவர். அவள் ஃபிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடம், ராத்திரி வண்டியில போறப்ப சில நேரம் சிக்னல் விளக்கு அணைஞ்சு கிடக்கும். பச்சையா இருக்கும், சிவப்பா இருக்கும்னு நாங்க யோசிக்க மாட்டோம். அணைஞ்சிருந்தா சிவப்புதான். வண்டியை நிறுத்திருவோம். பின்னாடி பெட்டியில இருக்கிறவங்க எல்லாம் கண்டபடி திட்டுவாங்க."

"அது ரயிலு," என்றார் வாத்தியார். "இன்னைக்கு நின்னா நாளைக்கு வேற ரயில் வரும். நமக்கு வேற முட்டை வராது."

அவள் அவர் முழங்காலில் கையை வைத்தாள். "தெரியும். ஆனா என் தம்பியைத் தூக்கினது நான். உங்களுக்கு அந்தக் கனம் தெரியாது." பிறகு ஃபிளாஸ்க்கிடம், "எடுங்க மேடம். பார்த்துச் சொல்லுங்க. கெட்டுப்போனா போகட்டும். தெரியாம என்னால கிளம்ப முடியாது."

ஃபிளாஸ்க் திரும்பினாள்.

"மேடம். நீங்கதானே எடுப்பீங்க?"

"வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்."

"கை நடுங்காதே?"

"நடுங்காது," என்றாள்.

நடுங்கவில்லை. உறையில் இன்னொரு துளை போட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் இரண்டு துளைக்கு அந்த உறை தாங்குமோ தாங்காதோ. அவள் பழைய துளை வழியாகவே குழாயை உள்ளே விட்டாள். குழாயின் நுனி முட்டையின் மேற்பரப்பில் படாமல், உறையை ஒட்டியே வளைந்து பின்பக்கம் போக வேண்டும். போனது. துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் இழுக்கவில்லை. கொஞ்சம் திரவத்தை விட்டாள், நிறுத்தினாள், மறுபடி விட்டாள். துணுக்கு அசைந்தது. இடுக்கு வழியாக அதை அங்குலம் அங்குலமாக நகர்த்தி வந்தாள் என்று சொல்லலாம். அங்குலம் என்பது அந்த உலகத்தில் ஒரு முடியின் கனத்தைவிடக் குறைவு. துளைக்கு வந்ததும் ஒரே உறிஞ்சு.

சாட்சி பெயர் எழுதிய சோதனைக் குழாயை நீட்டினாள். துணுக்கு அதற்குள் போனது.

"படி," என்றாள் ஃபிளாஸ்க்.

சாட்சி குழாயின் மேல் இருந்ததைப் படித்தாள். ஃபிளாஸ்க் திருப்பிச் சொன்னாள். அன்று குரல்கள் இடம் மாறியிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

குழாயை அவளே மேல்மாடிக்குக் கொண்டுபோனாள். சோதனைக்காரர் கதவைத் திறந்தார். "அடேயப்பா, ஃபிளாஸ்க் நேர்லயே வந்திருக்கே! யாரும் சூடா ஏதாவது கேட்டாங்களா?" அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக் குழாயை வாங்கிக்கொண்டார். விஷயத்தைக் கேட்டார். "பண்றேன். நீ இங்க நிக்காதே. நீ முறைச்சா மெஷின் வேகமா ஓடாது."

கீழே வந்து இன்குபேட்டருக்கு எதிரே நின்றாள். கதவைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் உள்ளே சூடு குறையும். சாட்சி டீ வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றாள். வெளியே வந்தபோது கணவர் போன் செய்தார்.

"மத்தியானம் சாப்பிட வருவியா?"

"வர மாட்டேன். ஒரு முட்டையை உருட்டாம விட்டுட்டேன்."

அது என்ன என்று அவருக்குத் தெரியும். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவரும் பாதி லேப் ஆள் ஆகியிருந்தார். "யாருக்குத் தெரியும்?"

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அப்ப சரி," என்றார். "நான்னா, கலர் மாத்திக் குடுத்துட்டேன்னு தெரிஞ்சா, அவன் சுவரெல்லாம் அடிச்சு முடிச்சு, குடிவந்து, பழகிப்போற வரைக்கும் வாயே திறக்க மாட்டேன்."

"அது சுவரு."

"அதத்தான் சொல்றேன். நீ செஞ்சதுதான் சரி. சாப்பாட்டைக் கொண்டுவந்து குடுக்கட்டுமா? குளிச்சிட்டுத்தான் வருவேன்."

வெயில் சாயத் தொடங்கியபோது சோதனைக்காரர் படியிறங்கி வந்தார். போனில் சொல்லியிருக்கலாம். இறங்கி வந்தார் என்றதும் சாட்சியின் முகம் வெளுத்தது.

"கெட்டது," என்றார். "கெட்டது மட்டும்தான். நல்லது துளிகூட இல்ல."

சாட்சி கைதட்டினாள். டாக்டரம்மா வாசலில் வந்து நின்று சிரித்தார். கெட்டது என்று கேட்டுச் சிரிக்கிற இடம் அது ஒன்றுதான் இருக்கும். பொட்டலத்தின் இரண்டு பாதியிலும் கெட்டது போய்விட்டது. முட்டை சுத்தம்.

ஆனால் முட்டை இன்னும் உயிரோடு இருக்கிறதா?

இன்குபேட்டரைத் திறந்தார்கள். முட்டையின் நிறம் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் மங்கியிருந்தது. வட்டம் கலையவில்லை. ஃபிளாஸ்க் அதை உருட்டினாள், முழுதும் ஒரு சுற்று. பிறகு பிடித்து நிறுத்தி, ஊசியில் வாத்தியாரின் ஒரே ஒரு விந்தணுவை எடுத்து, முட்டைக்குள் இறக்கினாள். மென்தோல் உள்வாங்கியது, நீண்டது, சட்டென்று விட்டுக்கொடுத்தது. ஊசியை வெளியே எடுத்தாள். காயம் மூடிக்கொண்டது.

"பார்த்தியா, எதுவும் மாறல," என்றார் டாக்டரம்மா. குரலில் கோபம் இல்லை. "காலையிலயே பண்ணியிருந்தா முட்டை இன்னும் தெம்பா இருந்திருக்கும்."

"காலையில அது தெரியாது டாக்டர்."

மறுநாள் விடிந்ததும் அவள் வந்தாள். சாட்சி அவளுக்கு முன்பே வந்து உடை மாற்றிக்கொண்டு நின்றாள். மைக்ரோஸ்கோப்பில் முட்டையின் நடுவே இரண்டு சின்ன வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று டிரைவரிடமிருந்து வந்தது, ஒன்று வாத்தியாரிடமிருந்து வந்தது. கரு பிடித்துவிட்டது. ஃபிளாஸ்க் நகர்ந்து சாட்சிக்கு இடம் விட்டாள். சாட்சி வெகுநேரம் பார்த்தாள். விதிப்படி யாருடைய கரு என்று அவள் உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னாள்.

சில நாளில் கர்ப்பப்பையில் வைத்த அந்தக் கரு தங்கியது. அடுத்த சில மாதங்களுக்கு ரயில் டிரைவரை இன்ஜினில் ஏற்றவில்லை. அலுவலகத்தில் ஒரு மேஜையில் உட்கார வைத்தார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று வாத்தியார் போன் செய்து சொன்னார். "ஓட்ட வண்டி இல்லைன்னு வீட்டுல என்னைப் போட்டு ஓட்டுறாங்க மேடம். வயிறு இவ்வளவு முன்னாடி வந்துருச்சு, அதட்டல் மட்டும் குறையல." அவர் குரலில் குறையே இல்லை.

அந்த வருடம் வெவ்வேறு மருத்துவமனைகளின் லேப்களில் வேலை செய்கிறவர்களைக் கூட்டி டாக்டரம்மா ஒரு பேச்சு நடத்தினார். குளிரூட்டிய பெரிய அறை. திரையில் அந்த முட்டையின் படம். உடைந்த பொட்டலத்தின் அபாயத்தை விளக்கிக்கொண்டு வந்தவர், "இந்த முட்டையில ஒரு ஊழியர் பின்பக்கத் துண்டைக் கவனிக்காம..." என்று ஆரம்பித்தார்.

ஃபிளாஸ்க் மூன்றாவது வரிசையில் எழுந்து நின்றாள்.

"ஒரு ஊழியர் இல்ல டாக்டர். நான்."

அறை திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மா தயங்கி, "அவங்கதான். அப்புறம் அதை எடுத்ததும் அவங்கதான்" என்றார்.

"ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க. அதுக்குத்தான் எழுந்தேன்."

இடைவேளையில் வேறொரு லேபிலிருந்து வந்திருந்த ஒருவர் தட்டோடு அவளருகில் வந்தார். நாற்பது வயதிருக்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "தப்பா நினைக்காதீங்க. விட்டதை நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அவங்களே பேரைச் சொல்லாம விட்டாங்க. எதுக்கு மேடம் எழுந்து நின்னு..."

ஃபிளாஸ்க் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தத் துணுக்கை எப்படி எடுத்தேன்னு டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கல்ல? புதுத் துளை போடல. பழைய துளை வழியா, எதிர்ப்பக்கத்துல இருந்து, முட்டை மேல படாம சுத்திக் கொண்டுவந்தேன். உங்க லேப்ல யாராவது பண்ணுவாங்களா?"

"சிரமம்தான்," என்றார் அவர்.

"விட்டதைச் சொல்லாம அதை நான் எப்படிங்க சொல்லிக்கிறது?"